ஊரின் ஒரே மளிகைக்கடை மூடப்போகிறது: பங்கு போடலாமா?

கோதுமைவெளி

எங்கள் ஊரில் இருக்கும் ஒரே மளிகைக்கடை மார்ச் மாதத்தோடு மூடப்படுகிறது. கடையை ஊரே சேர்ந்து வாங்கி நடத்தலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. ஒரு பங்கு 500 டாலர். அடுத்த வாரம் பள்ளிக்கூட உணவறையில் கூட்டம். நாங்களும் பங்கு போடலாமா, வேண்டாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அமெரிக்கச் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர் கான்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர். எந்தத் தெருவில் நின்றாலும் தானியக் கிடங்கின் வெள்ளைக் கோபுரம் தெரியும். கோதுமையும் சோளமும் விளைகின்றன. நம் சோளமேதான், இங்கே அதற்கு மைலோ என்று பெயர். இந்த நாட்டிலேயே சோளம் அதிகம் விளையும் மாநிலம் இது. ஆனால் அது மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனால் ஆலைக்கும் போகிறது, ஊர் அடுப்புக்கு வருவதில்லை.

என் கணவர் இங்குள்ள 25 படுக்கை மருத்துவமனையில் மருத்துவர். கான்ராட் 30 திட்டத்தில் வந்தோம். பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டு தாய்நாடு திரும்பியாக வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெற்று, மருத்துவர் பற்றாக்குறையுள்ள இடத்தில் மூன்று ஆண்டு வேலை செய்யும் ஏற்பாடு அது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது பேர். எங்கள் மூன்று ஆண்டு வரும் ஜூனில் முடிகிறது.

கடைக்காரருக்கு வயது 71. அவர் மனைவிதான் கல்லாவில் இருப்பவர், முழங்கால் போய்விட்டது. மகள் விச்சிட்டாவில் ஆசிரியை, திரும்பி வரப் போவதில்லை. குளிர்பதனப் பெட்டிகள் கிழடுதட்டிவிட்டன, ஒன்றை மாற்றினாலே ஒரு ஆண்டு லாபம் போய்விடும் என்கிறார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 34 ஆண்டு நின்ற கால்கள்.

நாங்கள் வந்தது ஒரு ஜனவரி மாதம். பனியில் வண்டி ஓட்டத் தெரியாமல் நடந்தே கடைக்குப் போனேன். பழம் கலந்த இனிப்புத் தயிர் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து, "நீங்கள் தேடுவது எது, இங்கே இல்லாதது எது?" என்று கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து சர்க்கரை சேர்க்காத தயிர் இரண்டு பெரிய டப்பா அலமாரியில் இருந்தது. நான் ஊரில் இல்லாத வாரங்களிலும் வரவழைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

உழவர்களுக்குப் பற்று எழுதிக் கொடுப்பார். ஜூன் அறுவடை முடிந்ததும் தீர்ப்பார்கள். ஊரில் யாராவது இறந்துவிட்டால் தேவாலயத்துப் பெண்கள் துக்க விருந்துக்குப் பன்றியிறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் முதலில் சொல்லி அனுப்புவது அவரிடம்தான். வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை: ஏல அறிவிப்பு, வைக்கோல் விற்பனை, பூனைக்குட்டி இலவசம், தீயணைப்புத் தொண்டர்களின் காலைச் சிற்றுண்டி. இந்த ஊருக்குச் செய்தித்தாள் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதம் இரண்டு முறை 42 மைல் ஓட்டிப்போய்ப் பெரிய கடையில் வண்டி நிறைய வாங்கி வருகிறவள்தான் நானும். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். கடை மூடப்போகிறது என்று கேட்ட நாளிலிருந்து அது என்னை உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை

மிசௌரியில் சில்லறைக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன், பதினாறு ஆண்டு ஆகிறது. உங்கள் உறுத்தலை ஒரு பக்கம் வையுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

மளிகைக் கடையில் நூறு டாலருக்கு விற்றால் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது ஒன்று அல்லது இரண்டு டாலர். நன்றாக நடக்கும் கடையின் நிலை அது. அழுகும் கீரை, காலாவதியாகும் பால், வங்கி அட்டைக்குப் பிடிக்கும் கட்டணம், இரவும் பகலும் ஓடும் குளிர்பதனப் பெட்டியின் மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிடும். இதில் ஈவுத்தொகை வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 500 டாலரைத் திரும்ப வராத பணம் என்று எண்ணிக்கொண்டு கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

இப்போது இதைப் பாருங்கள். உங்கள் குடும்பம் வாரம் 60 டாலர் அளவுக்குக் கொள்முதலைப் பெரிய கடையிலிருந்து ஊர்க்கடைக்கு மாற்றினால் ஆண்டுக்கு 3,120 டாலர். சரக்கின் அடக்கவிலை போகக் கடைக்கு ஏறக்குறைய கால்பங்கு நிற்கும் என்று வையுங்கள், 780 டாலர். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் ஆகும் பணம் அதுதான். ஒருமுறை போடும் 500 டாலரைவிட அது பெரிது, அதுவும் ஒவ்வொரு ஆண்டும். ஊர் கூடிப் பங்கு போட்ட கடைகள் விழுந்த கதைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நோய் ஒன்றே: பணம் போட்டவர்கள் கடமை முடிந்ததென்று பெரிய கடைக்கே திரும்பப் போய்விட்டார்கள்.

42 மைல் பயணத்துக்கும் கணக்கு உண்டு. போய்வர 84 மைல். தொழில் பயணத்துக்கு வரித்துறை 2025-க்கு ஏற்றுக்கொண்ட வீதம் மைலுக்கு 70 சென்ட். அதன்படி ஒரு பயணத்துக்கு 58 டாலர் 80 சென்ட். எரிபொருளை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அரிசி மூட்டையில் ஐந்து டாலர் மிச்சம் பிடிக்க வண்டியின் ஆயுளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

கான்சஸில் உங்களுக்கு ஒரு நல்ல காலமும் வந்திருக்கிறது. மளிகைப் பொருளுக்கு மாநில விற்பனை வரி 2015 முதல் 6.5 சதவீதமாக இருந்தது. 2023-இல் 4, 2024-இல் 2, 2025 ஜனவரியிலிருந்து பூஜ்யம். நகர, மாவட்ட வரி மட்டும் இன்னும் இருக்கிறது. எல்லையோரத்துக் கடைகள் பக்கத்து மாநிலத்திடம் வியாபாரத்தை இழந்துகொண்டிருந்ததற்கு ஒரு காரணம் நீங்கிவிட்டது.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சரக்கு யாரிடமிருந்து வரும்? மொத்த வியாபாரிகள் வாரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு எடுத்தால்தான் லாரியை உங்கள் ஊருக்குத் திருப்புவார்கள். சிறு கடையின் கழுத்தில் விழும் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒரே சரக்கைப் பெரிய கடைக்கு ஒரு விலை, சிறிய கடைக்கு ஒரு விலை என்று விற்பதைத் தடுக்க 1936-இலேயே ராபின்சன்-பேட்மன் சட்டம் வந்தது. 1980-களுக்குப் பிறகு அதை அரசு ஏறக்குறையக் கைவிட்டது. சிற்றூர்க் கடைகளின் வீழ்ச்சிக்கு ஊர்மக்களின் அலட்சியம் மட்டும் காரணம் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பயணி

நானும் கான்ராட் திட்டத்தில் வடக்கு டகோடாவில் மூன்று ஆண்டு இருந்தவன். அந்தத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்த செனட்டர் கென்ட் கான்ராடின் மாநிலம் அது. மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்: பங்கு போட வேண்டாம்.

500 டாலருக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பங்குகளைத் திரும்ப விற்கச் சந்தை கிடையாது. நீங்கள் ஜூனில் டல்லாஸுக்கோ அட்லாண்டாவுக்கோ போய்விட்டால், கடையின் முடிவுகளில் வாக்குரிமை உள்ள ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார். கூட்டத்துக்கு ஆள் சேராமல் தள்ளிப்போகும். ஊரில் இருக்கப் போகிறவர்கள் தாங்க வேண்டிய பொறுப்பு இது. நீங்கள் இருக்கும்வரை அங்கேயே வாங்குங்கள், குளிர்பதனப் பெட்டிக்கு நன்கொடை கொடுங்கள். அது நேர்மையான உதவி.

நான் கிளம்பிய அன்று ஊரார் விருந்து வைத்தார்கள். "நீங்களும் போகிறீர்களா" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அந்த "நீங்களும்" என்ற சொல்லை ஒன்பது ஆண்டாகச் சுமக்கிறேன். அவருடைய ஆயுளில் ஏழாவது மருத்துவர் நான். பங்கும் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் இன்னும் கனத்திருக்கும்.

ஏரிக்கரை

கோதுமைவெளி, நான் 2010 முதல் ஐந்து ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரான்டாக் மலைகளில் உள்ள சாரனாக் லேக்கில் இருந்தேன். நீங்கள் கேட்பதை என் கண்ணெதிரே செய்துகாட்டிய ஊர் அது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயாயிரம் பேர் இருக்கும் ஊர். அங்கே துணிமணி, போர்வை, உள்ளாடை விற்றுவந்த ஏம்ஸ் என்ற சங்கிலிக் கடை 2002-இல் நிறுவனத்தோடு சேர்ந்து மூடப்பட்டது. அதன்பின் குழந்தைக்கு ஒரு ஜோடிக் காலுறை வேண்டுமென்றால் பிளாட்ஸ்பர்க் போக வேண்டும். ஐம்பது மைல் மலைப்பாதை. குளிர்காலத்தில் பாரன்ஹீட்டில் மைனஸ் இருபதுவரை இறங்கும் காலைகள் உண்டு. வால்மார்ட் ஒரு மாபெரும் கடையைக் கட்ட முன்வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. ஏழைகளுக்கு மலிவான துணி வேண்டாமா என்று ஒரு தரப்பு, முதன்மைத் தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுமே என்று ஒரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. கடைசியில் வால்மார்ட் பின்வாங்கியது. எதிர்த்தவர்களிடம் ஊர் கேட்டது: சரி, காலுறைக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில்தான் சமூகக் கடை. ஒரு பங்கு 100 டாலர். ஒருவர் 10,000 டாலருக்கு மேல் போட முடியாது, எந்தப் பணக்காரரும் கடையைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நியூயார்க் மாநிலத்தவர் மட்டுமே வாங்கலாம். இலக்கு ஐந்து லட்சம் டாலர். ஏறக்குறைய 600 பேர் சேர்ந்து அதைத் திரட்ட ஐந்து ஆண்டு பிடித்தது. 2011 அக்டோபர் 29 அன்று முதன்மைத் தெருவில் கதவு திறந்தது. முதல் குளிர்காலத்தில் அங்கே வாங்கிய கம்பளிக் காலுறை இன்றும் என்னிடம் இருக்கிறது.

இதை அங்கே எப்படிச் செய்ய முடிந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். காரணம் கடைக்கு வெளியே இருக்கிறது. அந்த ஊரை வளர்த்தது காசநோய். டாக்டர் எட்வர்ட் டிரூடோ, அவரும் காசநோயாளி, 1884-இல் அங்கே மருத்துவ நிலையம் தொடங்கினார். குளிர்ந்த காற்றில் திண்ணையில் படுத்துக் கிடப்பதே வைத்தியம். ஊர் முழுக்க வீடுகளுக்குக் கண்ணாடித் திண்ணை கட்டி நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பால், முட்டை, சலவை, சாய்வு நாற்காலி, கம்பளி என்று ஊரின் வியாபாரம் அத்தனையும் நோயாளியைச் சுற்றியே நடந்தது. காசநோய்க்கு மருந்து வந்தது, உலகம் மகிழ்ந்தது. 1954-இல் நிலையம் மூடியது. ஒரே தொழிலை நம்பிய ஊர் அதை இழந்தால் என்ன ஆகும் என்பது அங்குள்ள பாட்டிமார்களுக்குத் தெரியும். அந்தத் திண்ணைகள் இன்றும் இருக்கின்றன.

அடுத்து, பனிக்கோட்டை. பிப்ரவரியில் குளிர்காலத் திருவிழா, 1897-இல் தொடங்கியது. பிளவர் ஏரி உறைந்ததும் பனிக்கட்டிகளை அறுத்தெடுத்துக் கோட்டை கட்டுவார்கள். கூலி கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். நானும் போனேன். பனிக்குழம்பை வாளியில் கொண்டுபோய்க் கட்டிகளுக்கு இடையே சாந்துபோல் அப்புவது என் வேலை. என் வலப்பக்கம் பல் மருத்துவர், இடப்பக்கம் குப்பை வண்டி ஓட்டுநர். கடைக்குப் பங்கு கேட்டுக் கதவைத் தட்டியபோது யாரும் அந்நியரிடம் தட்டவில்லை. ஏரியில் ஒன்றாக நின்றவர்களின் கதவைத் தட்டினார்கள்.

ஆகவே பங்குக் கணக்குக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: உங்கள் ஊரில் எல்லோரும் கூலியின்றிச் சேர்ந்து செய்யும் வேலை ஏதாவது உண்டா?

கோதுமைவெளி

ஏரிக்கரை, உங்கள் கேள்வியை நேற்றிரவு முழுக்க அசைபோட்டேன். உண்டு. தீயணைப்புப் படையில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. மணி அடித்தால் முடிதிருத்துபவர் பாதி முடியோடு ஆளை விட்டுவிட்டு ஓடுகிறார். சென்ற ஆண்டு அறுவடை நேரத்தில் ஓர் உழவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அண்டை நிலத்தார் ஏழு அறுவடை இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அவர் கோதுமையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் வயல் வரப்பிலேயே எல்லோருக்கும் சாப்பாடு. ரொட்டியும் இறைச்சியும் நம் மளிகைக்கடையிலிருந்து வந்தன. யார் பணம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தானியக் கிடங்கும் கூட்டுறவுதான். உழவர்களே உறுப்பினர்கள், விற்ற அளவுக்கு ஆண்டு முடிவில் பங்கு பிரிக்கிறார்கள். கூட்டாகச் சொந்தம் வைத்துக்கொள்வது இவர்களுக்குப் புதிதில்லை. மளிகையையும் அப்படி நடத்தலாம் என்பதுதான் புதிது.

பயணி ஐயா, நீங்கள் சொன்னது மனத்தைத் தைத்தது. அந்த மூதாட்டியின் சொல்லை நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் போகக்கூடியவள் என்பதால் இருக்கும்போதும் ஒதுங்கி நிற்க வேண்டுமா? இந்த ஊரில் குழந்தை பெற்றிருக்கிறேன். அவனுக்குத் தெரிந்த ஒரே கடை இதுதான். கல்லாவில் இருக்கும் அம்மா கொடுக்கும் உப்புப் பிஸ்கட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறான்.

ஆட்டுக்குட்டிக்காரி

கோதுமைவெளி அக்கா, நான் நெப்ராஸ்காவில் இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் வளர்ந்தவள். வந்தேறிக் குடும்பத்துக்குக் கடை என்னவாக இருந்தது என்று பிள்ளைப் பருவத்திலிருந்து சொல்கிறேன்.

பதினோரு வயதில் 4-எச் என்ற சிறுவர் மன்றத்தில் சேர்ந்தேன். உழவர் வீட்டுப் பிள்ளைகளோடு நானும் ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்தேன். அப்பா சைவம். கோடை முழுவதும் காலையில் என்னோடு எழுந்து அதற்குத் தீனி அளந்தவர் அவர்தான். மாவட்டக் கண்காட்சியின் கடைசி நாள் ஏலம். பிள்ளைகள் வளர்த்த ஆட்டையும் பன்றியையும் ஊர் வியாபாரிகள் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து எடுப்பார்கள். வங்கி, தீவனக் கடை, டிராக்டர் விற்பவர் எல்லோரும் வருவார்கள். பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஊர் கொடுக்கும் பணம் அது. என் முறை வந்தபோது என் அப்பாவைத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை. கையைத் தூக்கியவர் மளிகைக்கடைக்காரர். விலை ஏறியது, அவர் கையை இறக்கவே இல்லை.

ஏலத்தில் எடுத்தவருக்கு நன்றிக் கடிதமும் ஒரு கூடைத் தின்பண்டமும் கொடுப்பது வழக்கம். மற்ற பிள்ளைகள் பிஸ்கட் கொண்டுபோனார்கள். அம்மா முறுக்குச் சுற்றிக் கொடுத்தார். கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு அருகே வைத்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார், எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லி. அந்த ஒரு வாரத்தில் ஊருக்கு எங்கள் பெயரை உச்சரிக்க வந்துவிட்டது. அப்பா அன்றிரவு ஆட்டுத் தொழுவத்தில் தனியாக வெகுநேரம் நின்றார். இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கு அந்த நாள் நினைவில் இருக்கிறது.

நெடுஞ்சாலை ஓரத்துச் சங்கிலிக் கடையின் மேலாளரால் ஏலத்தில் கையைத் தூக்க முடியாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. போடுங்கள் அக்கா.

பனைநிழல்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தோற்ற கதை ஒன்றும் இங்கே இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் புளோரிடாவில் சரக்கு லாரி ஓட்டுகிறேன். ஜாக்சன்வில்லுக்கு மேற்கே பால்ட்வின் என்ற சிறிய ஊர் வழியாக வாரம் இருமுறை போவேன். ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் சந்திக்கும் இடம்.

அங்கிருந்த மளிகைக்கடை 2018-இல் மூடியது. வண்டி இல்லாத முதியவர்கள் தவித்தார்கள். 2019 செப்டம்பரில் நகராட்சியே கடையைத் திறந்தது. சாலைக் குழியை அடைப்பவர் போலவே கல்லாவில் நிற்பவரும் நகராட்சி ஊழியர். லாபம் வேண்டாம், கையைக் கடிக்காமல் ஓடினால் போதும் என்பது நோக்கம். அந்த ஊர்க்காரர்களின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் 2024-இல் அந்தக் கடை மூடப்பட்டது. கொஞ்ச தூரத்தில் பெரிய கடை, சிறிய அளவில் வாங்குவதால் கூடுதல் கொள்முதல் விலை. கணக்குப்பிள்ளை சொன்ன அதே முடிச்சு.

வீண்முயற்சி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கரை ஆண்டு அந்த முதியவர்கள் நடந்துபோய்ப் பால் வாங்கினார்கள். உங்கள் ஊரில் அடுத்த கடை 42 மைலுக்கு அப்பால் என்கிறீர்கள். அந்தத் தூரம் உங்களுக்கு ஒரு வேலி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை

பனைநிழல் சரியாகப் பிடித்தார். தூரம்தான் பாதுகாப்பு. உங்கள் மாநிலத்திலேயே வேறொரு கதையும் உண்டு. தென்கிழக்கே நியோஷோ மாவட்டத்தில் செயின்ட் பால் என்ற ஊர், அறுநூறு பேர் சொச்சம். இருபது ஆண்டுக்குமேல் மளிகைக்கடையே இல்லாமல் இருந்தது. 2008-இல் ஊர் வளர்ச்சிக் கழகம் கடை திறந்தது, 2013-இல் நகராட்சி அதைத் தனதாக்கிக்கொண்டது. பிறகு அதே மாவட்டத்தின் ஈரி (Erie) என்ற நகரமும் தன் கடையை வாங்கியது. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிற்றூர் மளிகைக்கடைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அவர்களைக் கூப்பிடுங்கள். இந்தக் கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

இரண்டு யோசனை சொல்கிறேன். ஊரில் மொத்தமாக வாங்குபவர்கள் யார் என்று பாருங்கள். பள்ளிக்கூடச் சமையலறை, முதியோர் இல்லம், உங்கள் கணவரின் மருத்துவமனை. இவர்களின் பால், ரொட்டி, முட்டை மட்டும் ஊர்க்கடை வழியாக வந்தால்கூட மொத்த வியாபாரி கேட்கும் குறைந்தபட்ச அளவை எட்டிவிடலாம். உங்கள் கடையின் உயிர் இருக்குமிடம் அதுதான்.

இரண்டாவது, பங்குப் படிவத்தோடு இன்னொரு சீட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்: "வாரம் இத்தனை டாலருக்கு இங்கே வாங்குவேன்." கையெழுத்து மட்டும், சட்டப் பிணைப்பு ஒன்றும் வேண்டாம். பங்குத் தொகையைவிட அந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகைதான் கடை நிற்குமா என்று சொல்லும். அது போதாது என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணியமாகக் கலைந்துவிடுங்கள்.

பயணி

அந்தச் சீட்டு யோசனை எனக்கும் உடன்பாடு. பங்கைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் போட்டே தீருவதென்றால், ஊரைவிட்டுப் போகிறவரின் வாக்குரிமை தானாகவே கடைக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியை ஆரம்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதைக் கேட்கத் தகுதியுள்ளவர் அந்தக் கூட்டத்தில் நீங்கள்தான்.

கோதுமைவெளி

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். மிளகாயிட்ட அவரை இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போட்டார்கள். இந்த மாநிலத்துப் பள்ளிகளில் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும். எனக்கு ரொட்டி மட்டும். நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதல் அரைமணி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு காலையில் கிடங்கில் பகடை உருட்டிக் காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று தீர்மானிக்கும் முதியவர்களில் ஒருவர் எழுந்து, மனைவி இறந்தபின் தான் ஒருநாளில் கேட்கும் ஒரே பெண்குரல் கல்லாவிலிருந்து வருவதுதான் என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

நானும் எழுந்தேன். கை நடுங்கியது. நானும் பெரிய கடைக்குப் போகிறவள் என்று முதலில் சொன்னேன். சீட்டு யோசனையைச் சொன்னேன், 84 மைல் கணக்கைச் சொன்னேன். பயணி ஐயா கேட்கச் சொன்ன விதியையும் கேட்டேன்; ஊர் வழக்கறிஞர் எழுதிக்கொண்டார். "அப்படியானால் நீங்கள் போகிறீர்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஜூனுக்குப் பிறகு என்ன என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், அதைத்தான் சொன்னேன். எங்கள் பங்கு ஒன்று, வாரம் 60 டாலர் என்ற சீட்டு ஒன்று. இரண்டிலும் கணவர் கையெழுத்திட்டார்.

சீட்டுகளை எண்ணி முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். பள்ளிக்கூடம் பாலுக்குச் சம்மதித்திருக்கிறது. மருத்துவமனை நிர்வாகக் குழு மார்ச்சில் பேசும். கடைக்காரர் புதியவருக்குப் பழக்கிக் கொடுக்க ஆறு மாதம் கூட இருப்பதாகச் சொன்னார். அவர் மனைவி அதைக் கேட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு தலையசைத்தார்.

இன்று காலை போனபோது கடைக்காரர் பழைய கேள்வியை மறுபடி கேட்டார்: இங்கே இல்லாதது எது? கொத்தமல்லி என்றேன். மொத்த வியாபாரியிடம் பெட்டியாகத்தான் வரும், ஒரு பெட்டியில் முப்பது கட்டு என்றார். முப்பதை நான் என்ன செய்வேன் என்று நின்றபோது பின்னால் இருந்த பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. மாட்டுப் பட்டியில் வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பம். மூன்று ஆண்டாக வழியில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அவர்களும் கொத்தமல்லிக்காகத்தான் அந்த 42 மைல் போகிறார்களாம். பத்துக் கட்டு அவர்களும் அவர்களைச் சேர்ந்த வீடுகளும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஐந்து. மீதி பதினைந்துக்கு வழி சொல்லுங்கள், வியாழக்கிழமை லாரி வருகிறது.

ஆட்டுக்குட்டிக்காரி

அக்கா, ஐந்தைத் துவையலாக அரைத்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், இரண்டு மாதம் தாங்கும். ஐந்தை அறிவிப்புப் பலகைக்குக் கீழே ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, எதற்குப் போடுவது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசி ஐந்தை மருத்துவமனைச் சமையலறைக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.